பெரும்பாவையும் இரும்பு வளையமும்

இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதியில் ஐரோப்பாவின் புதுமை நாடிய ஓவியர்களும் சிற்பிகளும் மேடையமைப்பாளர்களும், அதுவரை சந்தைத் திடலின் வேடிக்கையாகவும் சிறுவர் பொழுதுபோக்காகவும் மட்டுமே எண்ணப்பட்டு வந்த பாவையைத் தம் பட்டறைக்குள் கொண்டுவந்தனர். படையின் முன்னே செல்லும் தூசிப்படையைக் குறிக்கும் பிரெஞ்சுப் பெயரால் 'அவான்-கார்ட்' என்று வழங்கப்பட்ட இந்த முன்னோடிகள் பாவையை விரும்பியதற்குப் பல காரணங்கள் சொல்லப்பட்டாலும், அவற்றுள் ஆழமானது நடிகனின் உடலை நம்பி ஒரு கலையைக் கட்ட முடியாது என்னும் ஐயமே ஆகும். அந்த ஐயத்துக்கு விடை தேடியவர்களில் முதன்மையானவர் இந்தியாவைச் சுட்டினார். அவருக்கு மறுமொழி கூறியவர் கொழும்பில் பிறந்த தமிழ் வழியினர். ஆயினும் அவ்விருவரின் உரையாடலும், தென்னிந்தியச் சிற்றூர்களில் விடிய விடிய ஆடப்பட்டு வந்த மரப்பாவையைத் தொடாமலே நடந்து முடிந்தது.

முன்னோடிகளின் பாவைகளில் முதலில் குறிப்பிடத்தக்கவை பால் கிளே என்னும் ஓவியர் தம் மகன் பெலிக்சுக்காக 1916 முதல் 1925 வரை செய்த கைப்பாவைகள். ஏறத்தாழ ஐம்பது பாவைகள் செய்யப்பட்டன. அவற்றுள் சில 1945இல் வூர்ட்சுபர்க் நகரின்மீது நிகழ்ந்த குண்டுவீச்சில் அழிந்தன. எஞ்சிய முப்பது இன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் உள்ள பால் கிளே மையத்தில் இருக்கின்றன. மாட்டெலும்பு, தீப்பெட்டி, மின்பொருத்தி, கந்தல் துணி என்று வீட்டில் கிடந்தவற்றாலேயே அவர் முகங்களைப் படைத்தார்; அவற்றுள் ஒன்று அகன்ற கண்களும் பெருந்தலையும் கொண்ட அவருடைய சொந்த உருவம். ஓவியச் சந்தைக்கென்று செய்யப்படாததாலேயே இவற்றில் ஓர் இயல்பான துடுக்கு இருக்கிறது.

ஆனால் பாவையின் அமைப்பையே மாற்றி எண்ணியவர் சோபி டாய்பர்-ஆர்ப். சூரிக் நகரின் கைவினைக் கலைப் பள்ளியில் நெசவு வடிவமைப்பு கற்பித்த அவர், அப்பள்ளியின் தலைவரான ஆல்பிரட் ஆல்ட்ஹெர் பாவையரங்கு ஒன்றைத் தொடங்கியபோது, பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய நாடகாசிரியர் கார்லோ கோட்சியின் 'மான் மன்னன்' நாடகத்துக்காக 1918இல் கயிற்றுப் பாவைகளைச் செய்தளித்தார். கடைசல் எந்திரத்தில் கடைந்தெடுத்த கூம்பு, உருளை, உருண்டை ஆகியவற்றைக் கொக்கிகளால் பிணைத்து, மூட்டுகளை மறைக்காமல் வெளிப்படையாகவே விட்டு, மேலே வண்ணம் தீட்டினார். காவலர் பாத்திரத்துக்கு ஒரே உடலில் பல கைகளும் பல கால்களும் கொடுத்துப் படை முழுவதையும் ஒற்றைப் பாவைக்குள் அடக்கியது அவருடைய கற்பனையின் உச்சம் எனலாம். நாடகமும் புதுக்கப்பட்டு, சூரிக் நகரில் அக்காலத்தில் பரபரப்பாக இருந்த உளப்பகுப்பாய்வுச் சச்சரவைக் கேலி செய்தது. பிராய்டின் பெயரைச் சூடிய மந்திரவாதி ஒருவரும் அதில் வருகிறார். அவ்வாண்டு பரவிய நச்சுக்காய்ச்சலால் மூன்று காட்சிகளோடு ஆட்டம் நின்றுபோயிற்று. இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு: இந்தப் பாவைகளைக் கடைந்தவர் ஆட்டக் கலைஞரும் ஆவார். ருடால்ப் லாபன் என்னும் நடன ஆசிரியரிடம் பயின்று, 'தாதா' என்னும் கலை இயக்கத்தினரின் நிகழ்ச்சிகளில் ஆடியவர். பாவையின் மூட்டு எங்கே மடங்க வேண்டும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவர்.

அதே 1918இல் உரோமை நகரின் சிறுவர் அரங்கு ஒன்றில் எதிர்காலவாத ஓவியர் போர்த்துனாத்தோ தெப்பேரோ, கில்பெர்ட் கிளாவெல் என்னும் எழுத்தாளருடன் சேர்ந்து மரப்பாவைகளை மட்டுமே கொண்ட ஆட்டத் தொகுப்பை அரங்கேற்றினார். எந்திரத்தையும் வேகத்தையும் போற்றிய எதிர்காலவாதிகளுக்குப் பாவை என்பது மாசற்ற எந்திர மனிதன். அந்த எண்ணத்தில் கவர்ச்சி உண்டு என்றாலும், டாய்பர்-ஆர்பின் பாவைகளில் உள்ள நகைச்சுவையும் நுட்பமும் தெப்பேரோவிடம் குறைவு. வியன்னாவில் வாழ்ந்த ரிக்கார்டு டெஷ்னர் வேறு வழியில் சென்றார்: 1911இல் நெதர்லாந்து சென்றபோது சாவகத் தீவின் கோற்பாவைகளை வாங்கி வந்து, கீழிருந்து குச்சிகளால் இயக்கும் அந்த முறையைப் பின்பற்றித் தம் பாவைகளை அமைத்தார். இராமாயணமும் மகாபாரதமும் ஆடும் சாவகப் பாவைகள் டச்சுக் குடியேற்ற வணிகத்தின் வழியே ஐரோப்பியப் பட்டறைகளை அடைந்தன. ஆகவே முன்னோடிகள் 'கீழைப் பாவை' என்று கையில் எடுத்துப் பார்த்தது பெரும்பாலும் சாவகப் பாவையே.

இக்கலைஞர்கள் பலருக்கும் கொள்கை வழங்கியவர் எட்வர்ட் கோர்டன் கிரெய்க் (1872–1966). புகழ்பெற்ற ஆங்கில நடிகை எல்லன் டெரியின் மகனாகிய அவர், தாமும் நடிகராயிருந்து அத்தொழிலை விட்டு, இத்தாலியின் புளோரன்சு நகரில் குடியேறி 1908இல் 'தி மாஸ்க்' என்னும் இதழைத் தொடங்கினார். அவ்விதழின் பெரும்பகுதியைப் பல புனைபெயர்களில் அவரே எழுதினார். இதழாசிரியராக அவர் படைத்த கற்பனை மனிதருக்கு ஜான் செமார் என்று பெயர். செமார் என்பவர் சாவகப் பாவைக்கூத்தின் கோமாளி. தொடக்க இதழ்களில் ஒன்றில் வெளிவந்த கட்டுரையில் கிரெய்க் முன்வைத்த வாதம் இது: கலை என்பது திட்டமிட்டுச் செய்யப்படுவது, நடிகனின் உடலோ அவனுடைய உணர்ச்சிக்கு அடிமைப்பட்டது, சினம் வந்தால் குரல் நடுங்கும், அச்சம் வந்தால் கை தடுமாறும், இவ்வாறு தற்செயலுக்கு ஆட்பட்ட ஒன்றைக் கலையின் மூலப்பொருளாகக் கொள்ள இயலாது, எனவே நடிகன் மேடையை விட்டு நீங்க, அவனிடத்தில் 'ஊபர்-மாரியோனெட்' வர வேண்டும். மனிதனை விஞ்சிய பாவை என்னும் பொருளுடைய அத்தொடரைப் பெரும்பாவை என்று தமிழில் வழங்கலாம். பாவைக்குத் தன்னுணர்வு இல்லாததால் அதன் அசைவில் அழகு குலையாது என்று ஜெர்மானிய எழுத்தாளர் கிளைஸ்ட் 1810லேயே எழுதியிருந்தார். கிரெய்க் அதனை ஒரு சமயக் கோட்பாட்டின் அளவுக்கு உயர்த்தினார்.

அக்கோட்பாட்டுக்கு ஒரு புண்ணியத் தலமும் தேவைப்பட்டது. பாவையின் முதல் அரசு ஆசியாவில் இருந்தது என்றும், கங்கைக் கரையில் அதற்குக் கோயில் போன்ற மாளிகை எழுப்பப்பட்டது என்றும், பின்னர் மனித நடிகர்கள் தற்பெருமையால் அதனைப் போலி செய்யத் தொடங்கியதே வீழ்ச்சியின் தொடக்கம் என்றும் கிரெய்க் ஒரு தொல்கதையையே புனைந்தார். இது வெறும் கனவுபோல் தோன்றினாலும், அக்காலத்துப் புலமையுலகில் அதற்கு ஓர் ஆதாரம் இருந்தது. ஹாலே பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிக்கார்டு பிஷெல் 1900இல் ஆற்றிய உரையில், உலகப் பாவையாட்டத்தின் தாயகம் இந்தியா என்று நிறுவ முயன்றார். சமஸ்கிருத நாடகத்தை நடத்துபவர் 'சூத்திரதாரர்', அதாவது நூலைப் பிடிப்பவர், என்று பெயர் பெற்றிருப்பதும், இராசசேகரரின் 'பாலராமாயணம்' நாடகத்தில் வாய்க்குள் பழக்கப்பட்ட பூவைப் பறவையை வைத்துப் பேசச் செய்த சீதைப் பாவை வருவதும் அவருடைய சான்றுகளில் அடங்கும். அவ்வுரை 1902இல் ஆங்கிலமாகி ஐரோப்பாவில் பரவியது. சூத்திரதாரர் பற்றிய அவருடைய முடிவைப் பிற்கால அறிஞர் பலர் ஏற்கவில்லை. அளக்கும் நூலைப் பிடிக்கும் கட்டடக் கலைஞனையே அப்பெயர் குறித்திருக்கலாம் என்று மறுத்தனர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பிராகிருத மொழிகள் பற்றிச் சொற்பொழிவாற்ற வந்த பிஷெல், 1908 திசம்பரில் சென்னையில் நோயுற்று இறந்தார். கிரெய்க்கின் கட்டுரை அச்சேறியதும் அதே ஆண்டில்தான்.

பிஷெலின் சான்றுகள் எல்லாம் ஏட்டிலிருந்து வந்தவை. நாட்டில் இருந்த பாவையோ வேறு. அதனை அறிவதற்கு, பல பாவை மரபுகள் சூழ்ந்த குருபரப்பள்ளி என்னும் ஊர் பொருத்தமான நிலைப்புள்ளியாகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், இன்று சிப்காட் தொழிற்பேட்டையால் அறியப்படும் இவ்வூர், தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகளாக வழங்கும் எல்லை நிலத்தில் அமைந்துள்ளது. 1965 வரை சேலம் மாவட்டத்திலும், பின்னர் தருமபுரி மாவட்டத்திலும், 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இப்பகுதி அடங்கியது. இங்கிருந்து தெற்கே சேலம் வட்டாரத்திலும், அதற்கப்பால் காவிரிப் படுகையின் கும்பகோணத்திலும் மரப்பொம்மலாட்டம் நிலவியது. மேற்கே பழைய மைசூர்ப் பகுதியில் கன்னடரின் கயிற்றுப் பொம்மையாட்டமும், வடக்கே சித்தூர், அனந்தபூர் வட்டாரங்களில் 'தோலு பொம்மலாட்ட' என்னும் தெலுங்குத் தோற்பாவைக் கூத்தும் வாழ்ந்தன. அனந்தபூர்ப் பகுதியின் நிம்மலகுண்டா இன்றும் தோற்பாவை செய்வோரின் ஊராகவே பெயர் பெற்றுள்ளது. தோற்பாவையை இயக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் பெரும்பாலும் மராத்தியை வீட்டுமொழியாகக் கொண்டவை என்பது, கலைமரபின் எல்லைகள் மாநில எல்லைகளோடு பொருந்துவதில்லை என்பதற்கு நல்ல சான்று.

கன்னட நாட்டுப் பாவை யட்சகான ஆட்டத்தின் ஒப்பனையையும் முடியையும் அப்படியே சூடி வருவது. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று பல இடங்களில் மூட்டு உடையது. ஐந்து முதல் ஏழு கயிறுகளை ஒரு கட்டையில் பிணைத்து அதனை ஆட்டுவர். நுட்பமான அசைவு தேவைப்படும்போது ஒரே பாவையை இரண்டு மூன்று பேர் இயக்குவதும் உண்டு. பெங்களூரு வட்டாரத்தில் இக்கலையைப் புதுப்பித்தவருள் எம். ஆர். ரங்கநாத ராவ் முதன்மையானவர்.

தமிழ்நாட்டு மரப்பாவையின் இயக்கமோ இவை எல்லாவற்றிலும் வேறுபட்டது. கலியாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கப்பட்டாலும், ஆடை அணிகலன்களோடு சேர்ந்து ஒரு பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் எட்டக்கூடும். இந்தியக் கயிற்றுப் பாவைகளில் இவையே மிகப் பெரியவை, மிகக் கனமானவை. இந்தக் கனத்தைக் கைவிரல்களால் தாங்க முடியாது. ஆகவே பாவையின் தலையையும் உடலையும் தாங்கும் கயிறுகள் ஓர் இரும்பு வளையத்தில் கட்டப்பட்டு, துணி சுற்றிய அந்த வளையத்தைப் பாவையாட்டி மகுடம்போல் தன் தலையில் அணிந்துகொள்கிறார். பாவையின் கைகளை இயக்கும் கம்பிகளை இரு கைகளிலும் பிடித்துக்கொள்கிறார். கயிறும் கோலும் கலந்த இம்முறையில் பாவை தலைசாய்க்க வேண்டுமானால் ஆட்டுபவர் தலைசாய்க்க வேண்டும். பாவை குனிந்து வணங்க வேண்டுமானால் அவர் முதுகு வளைய வேண்டும். ஆட்டத்தின் தாளத்துக்கு ஒலிக்கும் சலங்கையும் கறுப்புத் திரைக்குப் பின்னால் அவருடைய காலில்தான் இருக்கிறது. விநாயகர் பூசையும் கோமாளியின் வரவும் முடிந்து அரிச்சந்திரன் கதையோ வள்ளி திருமணமோ தொடங்கிவிட்டால், இரவு நெடுக அந்தச் சுமையோடு அவர் ஆட வேண்டும். கும்பகோணம் மணி ஐயரின் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா இம்மரபை இசைநாடகத் தரத்துக்கு உயர்த்தி நகர மேடைகளிலும் ஏற்றியது.

கிரெய்க்கின் கொள்கையை இந்த வளையத்தின் அருகே வைத்துப் பார்த்தால் அதன் அடித்தளம் ஆட்டங்காண்கிறது. மனித உடலின் நடுக்கத்திலிருந்து தப்பிப்பதற்காக அவர் பாவையை நாடினார். ஆனால் கங்கைக்கரைக் கனவுக்கு வெளியே, மெய்யான இந்த இந்தியப் பாவையின் ஒவ்வோர் அசைவும் மனிதனின் கழுத்திலிருந்தும் முதுகெலும்பிலிருந்தும் பிறக்கிறது. உடல் இங்கே நீக்கப்படவில்லை, திரைக்குப் பின்னே இடம்மாற்றப்பட்டிருக்கிறது. ஆட்டுபவர் களைத்தால் அரிச்சந்திரனும் களைத்துப்போவான்.

கிரெய்க்குக்குத் தென்புலத்திலிருந்து கிடைத்த மறுமொழி வேறு வாதத்தைக் கொண்டிருந்தது. ஆனந்த குமாரசுவாமி (1877–1947) கொழும்பில், யாழ்ப்பாணத் தமிழ் வழிவந்த சர் முத்து குமாரசுவாமிக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். தந்தை முத்து குமாரசுவாமி தமிழ் அரிச்சந்திர நாடகத்தை 1863இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் என்பதும், அதே அரிச்சந்திரன் கதை பொம்மலாட்ட மேடையின் நிலையான கதைகளுள் ஒன்று என்பதும் ஒரு சுவையான பொருத்தம். மகனுக்கு இரண்டு வயதானபோதே தந்தை இறந்துவிட, இங்கிலாந்தில் வளர்ந்து நிலவியல் கற்று, இலங்கைக் கனிமவள ஆய்வில் பணியாற்றிப் பின்னர் கலை வரலாற்றுக்குத் திரும்பிய ஆனந்த குமாரசுவாமி, 1913இல் 'தி மாஸ்க்' இதழில் இந்திய நாடக நுட்பம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்திய நடிகனின் அசைவுகள் அவனுடைய சொந்த உணர்ச்சியால் தற்செயலாகக் குலைவதில்லை. அவன் அவ்வளவு முழுமையாகப் பயிற்றப்பட்டவன். புருவம் உயர்வதும் விரல் மடங்குவதும் முன்னரே வகுக்கப்பட்டவை. வேண்டுமானால் அவன் உடலையே ஒரு தானியங்கி என்று கூறலாம் என்பது அவர் கருத்து. கிரெய்க் இத்தகைய நடிகர்களைக் கண்டிருந்தால் மனித உடலை மேடையிலிருந்து விலக்கும் தேவை அவருக்குத் தோன்றியிராது என்றும் அவர் சுட்டினார்.

கிரெய்க் இதனால் மனம் மாறவில்லை. ஆனால் ஆவல் மிகுந்தது. நுட்பம் கற்பிக்கும் நூல்கள் இருந்தால் தெரிவிக்குமாறு 1915இல் அவர் குமாரசுவாமிக்கு எழுதினார். அதே கடிதத்தில் ஓர் அச்சத்தையும் வெளிப்படுத்தினார்: கீழை நாடுகளின் நிறைவுற்ற படைப்பைக் கண்டு மேலைக் கலைஞர் அதனை அப்படியே நகல் செய்து கெடுவர், சீனப் பீங்கானும் சப்பானிய அச்சுப்படமும் ஐரோப்பிய ஓவியத்துக்குச் செய்த தீங்கு நாடகத்துக்கும் நேரக் கூடாது, எனவே பொருளைக் காட்டாமல் ஆசான்களின் பாடத்தை மட்டும் தர வேண்டும். கீழைக் கலையைப் புகழ்ந்துகொண்டே அதைக் கண்ணெதிரே காண மறுக்கும் இந்த நிலைப்பாடு விந்தையானது. எனினும் பிறர் கலையை அலங்காரமாக அள்ளிக்கொண்ட அக்காலத்துப் பலரைவிட அவர் நேர்மையானவர் என்பதையும் அது காட்டுகிறது.

அக்கேள்விக்கு விடையாகவே, நந்திகேசுவரரின் 'அபிநய தர்ப்பணம்' என்னும் முத்திரை இலக்கண நூலைக் குமாரசுவாமியும் துக்கிராலா கோபாலகிருஷ்ணய்யாவும் மொழிபெயர்த்து 1917இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பதிப்பாக வெளியிட்டனர். கோபாலகிருஷ்ணய்யா பின்னர் ஆந்திரத்தின் சீராலா-பேராலா வரிமறுப்புப் போராட்டத்தை வழிநடத்திய தலைவராக அறியப்பட்டவர். தஞ்சைப் பகுதியின் நீடாமங்கலத்தைச் சேர்ந்த திருவேங்கடாச்சாரி தெலுங்கு எழுத்தில் பதிப்பித்திருந்த நூலே அவர்களுக்கு மூலமாக அமைந்தது. முன்னுரையின் தொடக்கத்திலேயே கிரெய்க்கின் ஓயாத வேண்டுகோள் நினைவுகூரப்படுகிறது. ஆக, பரதக் கலையை மேலை உலகுக்கு அறிமுகம் செய்த முதல் நூல்களில் ஒன்று, பாவையைப் பற்றிய ஒரு விவாதத்தின் விளைவாகப் பிறந்தது. பின்னாளில், 1924ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றின் முன்னுரையில், பெரும்பாவை என்று தாம் கூறியது தன்முனைப்பு நீங்கிய நடிகனையே என்று கிரெய்க் விளக்கம் தந்தார். குமாரசுவாமி பதினோர் ஆண்டுகளுக்கு முன்பு நின்ற இடத்துக்கு அவர் ஏறக்குறைய வந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

எனினும் குமாரசுவாமியின் மறுமொழியிலும் ஒரு குறை உண்டு. பாவையைப் பற்றிய வினாவுக்கு அவர் நடிகனைக் கொண்டு விடை கூறினார். சமஸ்கிருத இலக்கணத்தை எடுத்தார், இரும்பு வளையத்தை எடுக்கவில்லை. கைவினைஞரின் வாழ்வைப் பற்றி அத்துணைப் பரிவோடு எழுதியவர் இதனை விட்டது வியப்புக்குரியது.

தமிழ் இலக்கியம் இவ்விவாதத்துக்குள் வந்திருந்தால் அது மேலும் கூர்மை பெற்றிருக்கும். நெஞ்சில் நாணமில்லாதவரின் நடமாட்டம், கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை ஒக்கும் என்று நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் கூறுகிறது. வள்ளுவருக்குப் பாவை உயிரின்மையின் உவமை, பழிக்கத்தக்கது. கிரெய்க்குக்கோ அந்த உயிரின்மைதான் தூய்மை. மறுபுறம், சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களில் ஒன்று பாவை. போரிட வந்த அவுணரை மயங்கி விழச்செய்யத் திருமகள் கொல்லிப்பாவை வடிவு கொண்டு ஆடியது அது. மனித உடல் பாவையாக மாறி ஆடும் இக்கருத்து, 1922இல் ஸ்டுட்கார்ட் நகரில் ஆஸ்கர் ஷ்லெம்மர் ஆட்டக்காரர்களைக் கம்பிச் சுருளுக்குள்ளும் கூம்பு உருண்டை ஆடைகளுக்குள்ளும் புகுத்தி ஆடச்செய்த 'முக்கூறு ஆட்ட'த்தோடு ஒப்பிடத்தக்கது. நற்றிணையும் குறுந்தொகையும் பாடும் கொல்லிப்பாவையோ, காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் வடிவு குன்றாமல் நிற்கும் தெய்வம் செய்த உரு. கிரெய்க் கங்கைக் கரையில் தேடிய பெரும்பாவைக்கு இதைவிட நெருங்கிய உறவு காண்பது அரிது.

இவ்விவாதத்தைச் சாராமலே, இந்திய நவீன ஓவியர்களுள் பாவையும் பொம்மையும் செய்வதைத் தம் கலையின் இயல்பான பகுதியாகக் கொண்டவர் கே. ஜி. சுப்பிரமணியன் (1924–2016). கேரளத்தின் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் பயின்று, 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறை சென்ற பின் சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர் அவர். 1959 முதல் 1961 வரை அனைத்திந்தியக் கைத்தறி வாரியத்தில் பணியாற்றிய பட்டறிவோடு பரோடா நுண்கலைக் கல்லூரிக்குத் திரும்பியவர், அங்கு அறுபதுகளில் தொடங்கிய நுண்கலைச் சந்தைக்காக மரத்துண்டு, தோல், மணி ஆகியவற்றைக் கோத்துப் பொம்மைகள் செய்தார். கடைசல் மரமும் தோலும் அவருக்கு முன்பே இந்நாட்டுக் கைவினைஞரின் கையில் இருந்தவை. டாய்பர்-ஆர்ப் சூரிக்கில் கடைந்ததை ஒத்த உருளைகளையும் கூம்புகளையும் அவர் எட்ட, ஐரோப்பியக் கொள்கை எதுவும் இடையே தேவைப்படவில்லை. அவர் செய்த விலங்குகளும் மனிதரும் ஓவியங்களுக்குரிய பீடமின்றிச் சந்தைக் கடையில் அடுக்கப்பட்டு, மாணவர் செய்தவற்றோடு சேர்ந்தே விலைக்கு விற்கப்பட்டன.